பதினோரு நிமிஷ இன்ஜின்

அந்த இன்ஜின் பதினோரு நிமிஷம் ஓடும். பன்னிரண்டாவது நிமிஷத்தை அது ஒருநாளும் கண்டதில்லை.

காலையில் கிளப்பினாலும் சரி, மதியம் கிளப்பினாலும் சரி, முதல் எட்டு நிமிஷம் தறி போல ஒரே சீராக ஓடும். ஒன்பதாவது நிமிஷம் சத்தம் கனக்கும். பத்தாவதில் யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போலத் திணறும். பதினொன்றில் ஒரு முக்கல், ஒரு உதறல், அவ்வளவுதான். உடனே கிளப்பப் பார்த்தால் இம்மியும் அசையாது. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பி, மறுபடி பதினோரு நிமிஷம் ஓடி நிற்கும்.

சூடேறித்தான் நிற்கிறது என்று எவனும் சொல்லிவிடுவான். ஆனால் சூட்டைக் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தாண்டவே இல்லை. தேவமணி ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அந்தச் சூடுதான் இருந்தது. தண்ணீர் சூடாகாமல் இன்ஜின் மட்டும் சூடாகி எப்படி இறுகும்? பம்ப்பைக் கழற்றிப் பார்த்தான், நன்றாக இருந்தது. விசிறி பெல்ட்டை இறுக்கினான். தண்ணீரை மடக்கும் வால்வையே பிடுங்கித் தூர வைத்தான். பதினோரு நிமிஷம் பத்தாகவும் இல்லை, பன்னிரண்டாகவும் இல்லை.

வண்டி ஒரு செயின் லோடர். டயருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிப் பட்டை, முன்னால் மண் அள்ளும் பக்கெட். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு நெம்புகோல்கள். இடது நெம்புகோலை இழுத்தால் இடது சங்கிலி நிற்கும், வலது சங்கிலி மட்டும் ஓடும், வண்டி இடது பக்கம் திரும்பிக்கொள்ளும். எங்கோ கால்வாய் வெட்ட அமெரிக்காவிலிருந்து வந்து, வேலை முடிந்து ஏலத்தில் போய், ஏலம் எடுத்தவனும் கைகழுவி, உத்தனப்பள்ளிக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் இரண்டு வருஷம் கிடந்தது. பக்கெட்டில் கோழி அடைகாத்தது. அதைத்தான் தேவமணி இராயக்கோட்டை ரோட்டோரம் இருந்த தன் வீட்டு வாசலுக்கு இழுத்து வந்து, எட்டு மாதமாகப் பிரித்துப் பூட்டினான். பிஸ்டனுக்குப் புது ரிங், வால்வுகளைக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தது, புது பேரிங் எல்லாம் ஆயிற்று.

ஒன்றை மட்டும் தொடவில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழாய்க்கு லைனர் என்று பெயர். இரண்டு பக்கமும் அடியில்லாத டம்ளர் போல அது தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். லைனரைப் பிடுங்கினால் அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் கிழியும். அந்த வளையம் பெங்களூரிலும் இல்லை, மெட்ராஸிலும் இல்லை. அதனால் நான்கு லைனர்களையும் இருந்த இடத்திலேயே விட்டு, மேலே தெரிந்த துவாரங்கள் வழியாக எட்டிப் பார்த்து, துருதான் என்று முடிவு கட்டி இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைப் பூட்டிவிட்டான்.

வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி ஓசூருக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்குப் போகும் ரோட்டில், தொழிற்சாலை கட்டப் போகும் ஒரு மேட்டில் நிற்க வேண்டும். பெங்களூர் கான்ட்ராக்டர் ஒருவர் அதைச் சமன் செய்கிறார். பன்னிரண்டு மணி வரை நிற்காமல் மண் அள்ளினால் வண்டிக்கும் தேவமணிக்கும் ஒரு வருஷ வேலை. நடுவில் நின்றால் வண்டி காயலான் கடைக்கு, தேவமணி தன் மச்சான் அருள்ஜோசப்பின் லாரி ஷெட்டுக்கு. அந்த ஷெட்டில் அவன் ஏற்கெனவே ஆறு வருஷம் குப்பை கொட்டியவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருள்ஜோசப் வந்தான். தேவமணியின் மனைவி மேரிராணிக்கு அண்ணன். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. எழுதுவதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று என்று தேவமணி நினைத்துக்கொள்வான். லாரி ஷெட் வைத்திருந்தானே தவிர, நட்டு எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்பதைக்கூட அவன் ஆள் வைத்துத்தான் தெரிந்துகொள்வான்.

"என்னா மாப்ள, இன்னிக்கு எத்தினி நிமிஷம்?"

"பதினொண்ணு, மச்சான்."

"நம்ம பாதர் பிரசங்கத்தை விட கம்மி. அவராவது நிறுத்தினா உக்காந்துடுவாரு, உன் வண்டி நின்ன எடத்துலயே நிக்குது." தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். "டீசல் பம்ப்பை மாத்து. எங்க ஷெட்ல எல்லாத்துக்கும் மொதல்ல அதைத்தான் மாத்துவோம்."

"தெரியும் மச்சான். ஆறு வருசம் நான்தான் மாத்துனன். ஒண்ணுகூட அதனால சரியாவல."

"வாய் மட்டும் பன்னெண்டு நிமிஷத்தைத் தாண்டுது. வெள்ளிக்கிழமை காலையில ஷெட்டுக்கு வந்துடு. பழைய காக்கி அங்கதான் ஆணியில தொங்குது."

தேவமணி அந்தக் காக்கியை நினைத்துப் பார்த்தான். 'இவன் பேச்சைக் கேட்டு நான் மறுபடி பம்ப்பை மாத்துறதா?'

இன்னொரு தொல்லை தினமும் வந்தது. திம்மராயன். கால்வாய் வேலையில் இதே வண்டியை ஓட்டியவன். இப்போது இரண்டு எருமையும் ஒரு பீடிக்கட்டுமாகக் காலம் தள்ளினான். காலையில் வந்து வேலிக் கல்மேல் உட்கார்ந்தானென்றால் இன்ஜின் நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போவான்.

"ஏமி மேஸ்திரி, இன்னிக்கும் பதினொண்ணா?"

"உனக்கு வேற வேலை இல்லையாய்யா?"

"நாங்க ஓட்டுறப்பவும் கால்மணிதான் ஓடும். அப்புறம் ஒரு பீடி. அப்புறம் கால்மணி. சர்க்காரு வேலை அப்பிடித்தான் நடந்துது. நல்ல வண்டி."

ஸ்டியரிங்கே இல்லாத வண்டிக்கு ஒரு டிரைவர் என்று தேவமணி மனசுக்குள் காறித் துப்பினான். அவனைப் பொறுத்தவரை, டிரைவர் என்பவன் இன்ஜினைக் கெடுப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவன். கெட்ட இன்ஜினின் சங்கதியைக் கெடுத்தவனிடம் போய்க் கேட்பதாவது. எட்டு மாதத்தில் வண்டியைப் பற்றித் திம்மராயனிடம் அவன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு யோசனை வந்தது. சூட்டைக் காட்டும் முள்ளின் மறுமுனை இன்ஜினின் முன்பக்கம், பம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது தன் பக்கத்துச் சூட்டை மட்டும்தான் சொல்லும். முன்வாசலில் நிற்கிற காவல்காரனுக்குக் கொல்லையில் தீப்பிடித்தது தெரியாத மாதிரி. அப்படியானால் ஒவ்வொரு சிலிண்டரின் சூட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் என்ன?

வீட்டில் மாதா படத்தின் முன்னால் மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை எடுத்து வந்தான். ஒரே அளவில் நான்கு துண்டு வெட்டி, முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு சிலிண்டருக்கு நேராகவும் இன்ஜின் பக்கச் சுவரில் ஒட்டினான். மெழுகு உருகுவதற்கென்று ஒரு சூடு உண்டு. ஒரே மெழுகு எங்கே வைத்தாலும் அந்தச் சூட்டில்தான் உருகும். எது முதலில் உருகுகிறதோ அந்த இடம் முதலில் சூடாகிறது.

இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குந்தினான்.

"ஏனப்பா, வண்டிக்கு மெழுகுவத்தி ஏத்துற? செத்துப்போச்சா?" என்று கல்மேலிருந்து குரல் வந்தது. தேவமணி திரும்பவில்லை.

மூன்றாவது நிமிஷம் நாலாவது துண்டு வழுக்கிக்கொண்டு கீழே வழிந்தது. மற்ற மூன்றும் அசையவில்லை. ஏழாவது நிமிஷம்தான் அவை மூன்றும் சேர்ந்தாற்போல் உருகின. நாலாவது இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தான். சுர்ரென்று ஆவியானது.

கோளாறு இன்ஜின் முழுவதிலும் இல்லை. கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போகவில்லை. முன்னால் மூன்றைச் சுற்றித் தண்ணீர் ஓடி, குளிர்ந்து, ரேடியேட்டருக்கு நல்ல பேர் வாங்கித் தருகிறது. நாலாவது தனியாக வெந்து, வீங்கி, பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கிறது. பதினோரு நிமிஷம் என்பது அந்த ஒரு லைனர் வேகிற நேரம்.

இன்ஜின் ஆறியதும் பின்கோடியில் மேலே, தண்ணீர் ஓடும் அறையை அடைத்திருந்த திருகு பிளக்கைக் கழற்றி, ஒரு சைக்கிள் கம்பியை உள்ளே விட்டான். ஒரு விரல் ஆழத்தில் முட்டியது. கல் மாதிரியும் இல்லை, மரம் மாதிரியும் இல்லை. திருகி இழுத்தால் கம்பி நுனியில் பழுப்பாக, பிசுபிசுப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"கிரீஸா?" என்றான் தனக்குத் தானே.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மேரிராணி குனிந்து மோந்தாள். "கிரீஸும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. களி."

"என்னா?"

"ராகிக் களி. அடிப்பிடிச்ச களி. கிளப்ப ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வண்டி நிக்கிறப்பல்லாம் களிப்பானை தீஞ்ச வாசனைதான் வருது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இன்ஜினைப் பத்தி எல்லாந்தான் உங்களுக்குத் தெரியுமே."

தேவமணி மெதுவாக வேலிப் பக்கம் திரும்பினான். திம்மராயன் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"அதா? அது நான் போட்டதுதான்," என்றான், ஒரு பதக்கத்தைக் காட்டுகிறவன் போல. "பின்னாடி பக்கவாட்டுல ஒரு தகர மூடி துருப்புடிச்சி ஒழுகிச்சி. ரேடியேட்டர் ஒழுகுனா ஒரு பிடி ராகிமாவு போடுவோம், ஓட்டையில போயி அடைச்சிக்கும். ஆனா இது பின்னாடி ஒழுகுது. முன்னாடி போட்டா முன்னாடியே நின்னுக்கும். அதான் அந்த பிளக்கைக் கழட்டி நேரா உள்ள வுட்டன். ரெண்டு படி."

"ரெண்டு பிடியா?"

"பிடி இல்ல மேஸ்திரி, படி. அப்புறம் ஒரு சொட்டு ஒழுகுலயே!"

"அடப்பாவி, சுடுதண்ணியில ரெண்டு படி மாவு போட்டா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாது? தெனம் அதைத்தானேய்யா திங்கிற! இத்தினி நாளா கல்லு மேல உக்காந்து வேடிக்கை பாத்தியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவே இல்லையே," என்றான் திம்மராயன். "நான் பேசுனா மூஞ்சியத் திருப்பிக்கிறியே."

மேரிராணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஒருத்தருக்கு வாயில்ல, ஒருத்தருக்குக் காதில்ல. நல்லா ஓட்டுனீங்க வண்டி."

செவ்வாய்க்கிழமை தேவமணி தனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தான். சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி, ஓட்டினான், வடித்தான், மறுபடி ஊற்றினான். துருவும் சுண்ணாம்பும் கரைந்து வந்தன. களி மட்டும் மேலே கொஞ்சம் வழவழத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. கம்பியால் குத்தினால் கம்பி போன பாதை அளவுக்கு ஓட்டை விழுந்து, இழுத்ததும் மூடிக்கொண்டது. நாள் பாதி போய்விட்டது.

மேரிராணி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் நேற்றைய களி ஒரு கட்டியும், ஒரு டப்பாவும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இது புள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுற மாவு. ராகியை ஊறவச்சி, முளைகட்டி, காயவச்சி அரைச்சது. சாதா மாவுக் கஞ்சி ஆற ஆறக் கட்டியாவும். இது ஆற ஆற நீத்துப் போவும். ஏன்னு எனக்குத் தெரியாது, ஆனா நாலு புள்ளைக்குக் காய்ச்சியிருக்கேன்." களிக்கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மசித்து, டப்பாவிலிருந்து ஒரு கரண்டி மாவைத் தூவிக் கலக்கினாள். "பாருங்க."

தேவமணி இளக்காரமாகத்தான் பார்த்தான். இன்ஜினுக்குக் கஞ்சி மாவா? கால் மணி நேரத்தில் கரண்டி நிமிர்ந்து நின்ற களி கரண்டியிலிருந்து ஒழுகியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தைச் சாய்த்தால் மோர் போல ஓடியது. முளைவிட்ட தானியம் தன் உள்ளே இருக்கும் மாவைத் தானே கரைத்துத்தான் முளைக்குச் சாப்பாடு கொடுக்கிறது. அந்தக் கரைக்கிற சரக்கு காய்ந்து அரைத்த பிறகும் மாவிலேயே இருக்கிறது. தேவமணிக்கு இதன் காரணம் தெரியாது. ஆனால் ஒரு பொருள் தன் கண் முன்னால் வேலை செய்தால், அதை மதிக்காமலிருக்க அவனால் முடியாது.

"சோடா வாசனை போறவரைக்கும் நல்லா அலசிட்டு ஊத்துங்க. தண்ணி கை பொறுக்குற சூடுதான் இருக்கணும். டப்பாவுல பாதி எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவன் அலசினான். மாவைக் கரைத்துப் பின்கோடி பிளக் வழியாக ஊற்றினான். ஆனால் கை பொறுக்கும் சூடு என்பது அடுப்படிக் கணக்கு என்று நினைத்தான். பட்டறையில் எதற்கும் சூடு கூடினால் வேலை வேகமாகும். வெதுவெதுப்பில் கால் மணி ஆகுமானால் கொதிப்பில் இரண்டு நிமிஷம் போதாதா? இன்ஜினைக் கிளப்பி எட்டு நிமிஷம் ஓடவிட்டான்.

ஆறியதும் கம்பியை விட்டால், முன்பு ஒரு விரல் ஆழத்தில் முட்டியது இப்போது அரை விரலிலேயே முட்டியது.

மேரிராணி கம்பி நுனியைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். "கொதிக்கவிட்டீங்களா?"

அவன் கம்பியைச் சாக்கில் துடைத்தான்.

"கொதிச்சா முளைமாவுக்கும் சக்தி போயிடும். அதுவும் களியாயிடும். திம்மராயன் ரெண்டு படி போட்டாரு, நீங்க அரைப்படி போட்டீங்க. அவராவது படிக்காதவரு." டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மிச்சம் பாதிதான் இருக்குது. புள்ளை ஒரு வாரத்துக்குச் சாதாக் கஞ்சி குடிக்கட்டும். நாளைக்கு நான் ஊத்துறன். நீங்க இன்ஜினை நிறுத்தச் சொன்னா நிறுத்தணும், அவ்வளவுதான்."

வேலிக் கல்மேல் திம்மராயன் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மேஸ்திரியும் தன் ஜாதிதான் என்று அன்றைக்கு அவனுக்கு உறுதியாகிவிட்டது.

புதன்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தார்கள். அவள் ஊற்றினாள். அவன் இரண்டு நிமிஷம் ஓட்டினான். அவள் நாலாவது சிலிண்டர் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் கை சுட்டு எடுக்க வேண்டி வந்தால், "நிறுத்துங்க." பத்து எண்ணியும் சுடாவிட்டால், "கிளப்புங்க." நடுவில் இன்ஜின்மேல் சாக்குகளைப் போர்த்திச் சூட்டைக் காத்தார்கள். திம்மராயன் யாரும் சொல்லாமலே எழுந்து வந்து சாக்கைப் பிடித்தான்.

பத்து மணிக்குக் கம்பி ஒரு சாண் இறங்கியது. மதியத்துக்குள் அடிவரை இறங்கியது. கீழே வடிகால் பிளக்கைத் திறந்ததும் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு கொப்பளிப்பு. அப்புறம் பழுப்பாக, துருவும் தவிடுமாக, ஒரு வாளி நிறையக் கஞ்சி ஓடியது. எருமைக்கு ஆகுமா என்று திம்மராயன் கேட்டான்.

நல்ல தண்ணீர் ஊற்றியதும் பக்கவாட்டில் அந்தப் பழைய தகர மூடி பீய்ச்சியடித்தது. அடைத்துக்கொண்டிருந்த களிதான் போய்விட்டதே. அதைத் தேவமணி பார்த்துக்கொண்டான். இது அவன் ராஜ்ஜியம். பழைய மூடியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டைக்கு ஒரு மயிரிழை பெரிதாகப் பித்தளைத் தகட்டில் வட்டம் வெட்டி, நடுவைத் தட்டிக் கிண்ணம் போலக் குழித்தான். மேடு வெளியே தெரியும்படி ஓட்டையில் வைத்து, அந்த மேட்டில் சுத்தியலால் ஒரே ஒரு அடி. மேடு தட்டையாகும்போது விளிம்பு நாலா பக்கமும் விரிந்து ஓட்டைச் சுவரைக் கவ்விக்கொள்ளும். பசை வேண்டாம், மாவும் வேண்டாம்.

கிளப்பினான். பதினோரு நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு. இருபது. மேரிராணி, "பாத்துட்டே நிக்காதீங்க, வாளியைக் கழுவுங்க," என்றாள். அவன் கழுவினான்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு மேட்டில் ஆரம்பித்த வண்டி பன்னிரண்டுக்கும் நிற்கவில்லை. கான்ட்ராக்டர் ஒருமுறை வந்து பார்த்து, இரண்டு மணிவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் போனார். அதுவே அவருடைய சம்மதம். திங்கட்கிழமையிலிருந்து வேலை என்று அவருடைய ஆள் வந்து சொன்னான்.

வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஷெட்டை விட்டு வந்திருந்த அருள்ஜோசப் முகம் தொங்க வண்டிக்குப் பக்கத்தில் வந்தான்.

"டீசல் பம்ப்பை மாத்திட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் மச்சானுக்குப் பெருமை, கஞ்சி மாவால் சரிசெய்தான் என்ற தலைகுனிவு தனக்கும் இல்லை. நாளை எவன் வண்டியாவது இதே மாதிரி நின்றால் இவன் பம்ப்பைத்தான் மாற்றுவான், அந்த வண்டியும் திரும்பத் திரும்ப நிற்கும். தேவமணிக்கு அவன்மேல் இருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் தப்பாக வேலை செய்கிற ஒரு இன்ஜினை நினைத்துக்கூட அவனால் பொறுக்க முடியாது.

"பம்ப்பு நல்லாத்தான் இருந்துது, மச்சான். நாலாவது லைனரைச் சுத்தி ராகிக் களி அடைச்சிருந்துது. சோடாவுக்கு அது கரையாது. சோடாவை நல்லா அலசிட்டு, முளைகட்டின ராகிமாவு அரைப்படியை வெதுவெதுன்னு கரைச்சி, பின்னாடி பிளக் வழியா நேரா ஊத்தணும். உள்ளங்கையை வச்சா மூணு எண்ணுறவரைக்கும் தாங்குற சூட்டுலயே அரை நாள் வச்சிருக்கணும், கொதிக்கவே கூடாது. களி தண்ணியா ஓடிடும். அப்புறம் ஒழுகுற மூடிக்குப் புதுசா பித்தளை மூடி அடிச்சா வேலை முடிஞ்சிது."